நாட்கணக்கும் மனக்கணக்கும்

சென்ற ஆண்டு பெப்ரவரியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், ஊர்த் தம்பி ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நாங்கள் ஒஸ்லோவின் கிழக்கே, ஃபூருசெத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். அவருடைய தகப்பனும் நானும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். தகப்பன் இப்போது உயிரோடு இல்லை. அந்த உறவில் என்னை மாமா என்றுதான் கூப்பிடுவார். தேத்தண்ணி குடித்து முடியும்வரை பனியைப் பற்றியும் வீட்டு வாடகையைப் பற்றியும் கதைத்துக்கொண்டிருந்தார். பிறகு கோப்பையை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்:

"மாமா, ஒரு பதினெட்டு மாதத்துக்கு என்ர பெயரை உங்கட விலாசத்தில பதிஞ்சு வைக்கலாமோ?"

தம்பி கப்பல் வடிவமைப்புப் பொறியியலாளர். அகதித் தஞ்சம் ஏற்கப்பட்டு, நிரந்தர வதிவிட உரிமையும் கிடைத்துவிட்டது. அடுத்த படி குடியுரிமை. 2022 ஜனவரி முதல் நோர்வேச் சட்டம் பொதுவாகக் கேட்பது, கடந்த பதினொரு ஆண்டுகளில் எட்டு ஆண்டு வதிவிடம். போதிய வருமானம் உள்ளவருக்குக் கடந்த பத்தில் ஆறு போதும். இந்த ஆறு ஆண்டுக் கணக்கின்படி அவருக்கு இன்னும் பதினொரு மாதம் மட்டுமே தேவை. அந்த நேரம் பார்த்து அவர் வேலை செய்த இடத்தில் ஆட்குறைப்பு. கோடையோடு வேலை முடிகிறது என்று கடிதம் வந்துவிட்டது. வேலை போனால் வருமானம் போகும். வருமானம் போனால் ஆறு எட்டாகும். கையில் இருந்த ஒரே வாய்ப்பு, ஒஸ்லோவில் கிளை வைத்திருக்கும் ஒரு டச்சுக் கம்பனியின் பதினெட்டு மாத ஒப்பந்தம். வேலை செய்யவேண்டிய இடம் ரொட்டர்டாம். சம்பளம் ஒஸ்லோவிலுள்ள வங்கிக் கணக்குக்கே வரும்.

நிரந்தர வதிவிட உரிமைக்கு இதனால் ஆபத்தில்லை. தொடர்ச்சியாக இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நாட்டுக்கு வெளியே நின்றால்தான் அந்த உரிமை பறிபோகும் நிலை வரும். குடியுரிமையின் கணக்கு அப்படியல்ல. ஓர் ஆண்டில் மொத்தம் இரண்டு மாதத்துக்கு மேல் வெளியே நின்றால் அந்தக் காலம் கழிபடும். ஆறு மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் வசிக்கப் போகிறவர் மக்கள் பதிவேட்டுக்கு அதை அறிவிக்கவும் வேண்டும். தம்பி அறிவிக்காமல் போக நினைத்தார். ஷெங்கன் நாடுகளுக்குள் யாரும் கடவுச்சீட்டில் முத்திரை குத்துவதில்லை. விமானத்தில் இரண்டு மணித்தியாலம்கூட இல்லாத தூரம். மாதத்தில் ஒருமுறை வந்து தன் கடிதங்களை எடுத்துக்கொண்டு போவார். ஒருவருக்கும் தெரியாது.

ஏன் இவ்வளவு அவசரம் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். வடமராட்சியில் இருக்கும் அவருடைய அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுது. கிழமைக்கு மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். தம்பியிடம் இருக்கும் அகதிப் பயண ஆவணம் எல்லா நாட்டுக்கும் செல்லும், பிறந்த நாட்டுக்கு மட்டும் செல்லாது. முன்பு அம்மா சென்னைக்கு வந்தார். மகனும் போய்ப் பார்த்தார். இப்போது அம்மாவால் பயணம் செய்ய முடியாது. நோர்வேக் கடவுச்சீட்டு ஒன்றுதான் அவரை அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடும். அந்த மருத்துவச் செலவைக் கட்டுவதும் இவருடைய சம்பளம்தான்.

"யோசிச்சுச் சொல்லுறன், தம்பி" என்றேன்.

அவர் போன பிறகு மனைவி சொன்னா: "தபால் பெட்டியில ஒரு பெயர் கூட ஒட்டுறதால எங்களுக்கு என்ன குறையப் போகுது?"

உண்மைதான், எங்களுக்கு ஒன்றும் குறையாது. என் தயக்கத்துக்குக் காரணம் சட்டத்தின் மீதுள்ள பயம் என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அது முப்பது வருடத்துக்கு முந்திய என் சொந்தக் கதை.

*

நான் 1986இல் நோர்வேக்கு வந்தேன். அந்தக் காலத்தில் வந்த பலரைப் போல எனக்கும் வழிதிறந்தது ஃபோல்கஹொய்ஸ்கூல என்ற வதிவிடப் பள்ளிக்கூடம். பிறகு வடக்கே, ஃபின்மார்க்கில் ஒரு மீன் பதனிடும் தொழிற்சாலை. கொட் மீனைச் சீவிச் சீவி விரல் மரத்துப்போன வருடங்கள் அவை. மாரியில் இரண்டு மாதம் சூரியனே எழும்பாத ஊர். அங்கே நின்ற தமிழர்கள் ஒவ்வொருவரும் "அடுத்த வருசம்" என்று ஒரு சொல்லை வைத்திருந்தோம். அடுத்த வருசம் சண்டை முடியும், அடுத்த வருசம் ஊருக்குப் போகலாம்.

1996இல் குடியுரிமைக்கு விண்ணப்பித்தேன். அப்போது நடைமுறையில் இருந்த 1950ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு ஆண்டு வதிவிடம் கேட்டது. பழைய குடியுரிமையைக் கைவிடவும் சொன்னது. அதற்கு முந்திய ஒக்டோபரில்தான் யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்திருந்தது. அம்மாவும் அப்பாவும் தென்மராட்சியில் யாரோ ஒருவருடைய மாட்டுக் கொட்டிலில் இருந்தார்கள். அந்தச் சின்ன ஊரின் காவல் நிலையத்தில் என் பத்திரங்களை வாங்கிய அதிகாரி நல்ல மனிதர். கேட்கவேண்டியதெல்லாம் கேட்டு முடித்து, பேனையை மூடிவிட்டு, கதையோடு கதையாகக் கேட்டார்: "சண்டை முடிந்தால் திரும்பிப் போய்விடுவாயா?"

"இல்லை, இங்கேதான் இருப்பேன்" என்றேன்.

அது முழுப் பொய். கடவுச்சீட்டு கிடைத்தால் ஆபத்தில்லாமல் ஊருக்குப் போய்வரலாம், சண்டை முடிந்ததும் ஒரேயடியாகப் போய்விடலாம் என்பதுதான் என் முழுத் திட்டமும். அந்தப் பொய்யைச் சொன்னவன் இன்று நாற்பது வருடமாக இங்கேயே இருக்கிறேன். பிள்ளைகள் இங்கே பிறந்தார்கள். பேரப்பிள்ளை இங்கே பாலர் பள்ளிக்குப் போகிறாள். 2009இல் சண்டை முடிந்தது. நான் போகவில்லை.

என்னோடு அதே தொழிற்சாலையில், அதே மேசையில் மீன் சீவிய நண்பர் ஒருவர் இருந்தார். நோர்வேஜிய மொழியை எங்கள் எல்லோரையும் விட நன்றாகப் படித்தவர். "இனி இதுதான் எங்கட நாடு" என்று மனமறியச் சொல்லிக் குடியுரிமை எடுத்தார். 2003இல், பிள்ளைகளின் படிப்புக்காக, குடும்பத்தோடு லண்டனுக்குப் போய்விட்டார். ஐரோப்பியப் பொருளாதார வலயத்தில் நோர்வே இருந்ததால் அந்தக் கடவுச்சீட்டோடு அங்கே போய்க் குடியேறத் தடையிருக்கவில்லை. இப்படி ஐரோப்பிய நாடுகளிலிருந்து இங்கிலாந்துக்குப் போன ஈழத்தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ.

பொய் சொன்னவன் தங்கினேன். உண்மை சொன்னவர் போனார். எங்களில் யார் இந்த நாட்டை ஏமாற்றியவர்?

*

2005இல் இயற்றப்பட்டு 2006 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்த இன்றைய குடியுரிமைச் சட்டத்தில் ஏழாவது பிரிவு முக்கியமானது. விண்ணப்பிப்பவர் இந்நாட்டில் வசிப்பவராக இருக்கவேண்டும், தொடர்ந்தும் வசிப்பவராக இருக்கவேண்டும் என்ற பொருளில் ஒரு நிபந்தனை அங்கே இருக்கிறது. முதற்பாதி நிகழ்காலம், அதைச் சோதித்துப் பார்க்கலாம். இரண்டாம் பாதி எதிர்காலம். அதை யார் சோதிப்பது?

எதிர்காலத்தைப் பற்றி ஒரு மனிதர் சொல்லக்கூடியவை மூன்று. "மழை வரும்" என்பதுபோல "இங்கே இருப்பேன்" என்று சொன்னால் அது ஊகம். "இருக்க நினைத்திருக்கிறேன்" என்றால் அது இன்றைய எண்ணம். "என்ன நடந்தாலும் இருப்பேன்" என்றால் அது வாக்குறுதி. ஊகம் பிழைத்தால் யாரும் பொய்யர் ஆவதில்லை. எண்ணம் மாறினாலும் பொய்யர் ஆவதில்லை, சொன்ன நேரத்தில் அந்த எண்ணம் இருந்திருந்தால். வாக்குறுதி மட்டும்தான் மீறப்படக்கூடியது.

சட்டம் வாக்குறுதி கேட்கவில்லை என்பதற்கு நல்ல சான்று ஒன்று உண்டு. 2006இலிருந்து புதிய குடிமக்களுக்கு ஒரு வரவேற்பு நிகழ்வு நடத்தப்படுகிறது, விரும்பினால் போகலாம். அங்கே சத்தியம் எடுப்பவர்கள் நாட்டுக்கும் சமூகத்துக்கும் விசுவாசமாக இருப்பதாகவும், சனநாயகத்தையும் மனித உரிமையையும் ஆதரிப்பதாகவும், சட்டங்களை மதிப்பதாகவும் சொல்கிறார்கள். இங்கேயே இருப்பேன் என்று ஒரு சொல் அந்தச் சத்தியத்தில் இல்லை. குடியுரிமை கிடைத்த மறுநாள் விமானம் ஏறினாலும் ஏன் போகிறாய் என்று யாரும் கேட்க முடியாது. ஆகவே, தொடர்ந்து வசிப்பது பற்றிய அந்த நிபந்தனை கேட்பது விண்ணப்பிக்கும் காலத்து எண்ணத்தை மட்டுமே.

அப்படிப் பார்த்தால் தீர்ப்பு தெளிவு. லண்டன் போன நண்பர் ஏமாற்றவில்லை; அவருடைய எண்ணம் பிறகு மாறியது. ஏமாற்றியவன் நான். பிறகு நான் இங்கேயே தங்கிப்போனதால் அந்தப் பொய் உண்மையாகிவிடவில்லை. குறி தவறி எறிந்த கல்லில் மாங்காய் விழுந்ததுபோல ஒரு தற்செயல், அவ்வளவுதான்.

ஆனால் இந்தத் தீர்ப்பில் ஓர் இடைஞ்சல் இருக்கிறது. எங்கள் இரண்டு பேரின் மனதையும் யாராலும் பார்த்திருக்க முடியாது. அந்த அதிகாரிக்குக் கேட்டதெல்லாம் ஒரே மாதிரியான இரண்டு பதில்கள்.

*

மனதைப் பார்க்க முடியாத அரசு உடம்பைப் பார்க்கிறது. எத்தனை நாள் இங்கே நின்றாய்? இது பழைய வழி. கி.மு. 399இல் சோக்ரதீஸ் சிறையில் இருந்தபோது, தப்பிப் போகலாம் வா என்று நண்பர் கிரித்தோன் கூப்பிட்டார். பிளேட்டோ எழுதிய உரையாடலில் ஏதென்ஸின் சட்டங்களே மனித வடிவெடுத்து வந்து சோக்ரதீஸோடு வாதாடுகின்றன. நீ இந்த நகரத்தை விட்டு வெளியே போனதே அபூர்வம், படைச் சேவைக்குப் போனதைத் தவிர. எழுபது வயதுவரை இங்கே இருந்ததே எங்களுக்கு நீ கொடுத்த சம்மதம் என்கின்றன. தங்கியிருப்பதே ஒப்புக்கொள்வது.

டேவிட் ஹியூம் 1748இல் இதை மறுத்தார். தூங்கிக்கொண்டிருந்தவனைத் தூக்கிக் கப்பலில் ஏற்றிவிட்டு, நடுக்கடலில் அவன் கண்விழித்ததும், நீ குதிக்காமல் இருப்பதால் கப்பல் தலைவனின் அதிகாரத்துக்குச் சம்மதித்துவிட்டாய் என்று சொல்வது போன்றது அது என்றார். போக வேறு இடமில்லாத ஏழை தங்கியிருப்பதில் என்ன சம்மதம்? அகதியாக வந்தவர்களுக்கு ஹியூமின் உவமை உவமையாகவே தோன்றாது. தங்கியது விருப்பத்தாலா, போக இடமில்லாததாலா என்று நம்மிடமே கேட்டால் நேரான பதில் வராது.

அத்தோடு, இந்த நாட்கணக்கு எல்லோருக்கும் ஒன்றல்ல. 1825 ஜூலை 4ஆம் திகதி 'ரெஸ்தொராசியூன்' என்ற சின்னக் கப்பல் ஸ்தவாங்கரிலிருந்து நியூயோர்க் புறப்பட்டது. அதிலிருந்து ஒரு நூற்றாண்டுக்குள் ஏறத்தாழ 8 லட்சம் நோர்வேஜியர் வட அமெரிக்கா போனார்கள். 2025இல் அதன் இருநூறாவது ஆண்டை இங்கே பெருமையோடு கொண்டாடினார்கள். தலைமுறை தலைமுறையாக இந்த நாட்டு மாலுமிகள் கடலிலும் அந்நியத் துறைமுகங்களிலும் வாழ்ந்தார்கள். வெளியே போய் உழைப்பது இங்கே ஒரு மரபு. ஸ்தவாங்கரில் பிறந்தவர் ரொட்டர்டாமில் பத்து வருடம் உழைத்தாலும் அவருடைய நோர்வேஜியத்தனம் தேயாது. எங்கள் தம்பிக்கு மட்டும் பதினெட்டு மாதம் கழிபடும்.

இது அநியாயம் என்று தம்பி சொன்னால் நான் மறுக்கமாட்டேன். பிறப்பால் கிடைத்தவருக்கு நாடு கால் நீட்டப் போதுமான பாய். கேட்டு வாங்குபவருக்கு அது பரீட்சை மண்டபம். எழும்பி வெளியே போனால் விடைத்தாளைப் பறித்துவிடுவார்கள்.

2020 ஜனவரி முதல் நோர்வே இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது. ஒரு மனிதருக்கு இரண்டு நாடு இருக்கலாம் என்று சட்டமே ஒத்துக்கொண்டுவிட்டது. மனம் இரண்டு இடத்தில் இருக்கலாம், உடம்பு மட்டும் ஓரிடத்தில் நிற்கவேண்டும் என்பது வேடிக்கையாகத்தான் இருக்கிறது. அப்படியானால் ஒரு பெயரைத் தபால் பெட்டியில் ஒட்டி அந்த வேடிக்கையைச் சமாளித்தால் என்ன?

இந்த இடத்தில்தான் நான் நின்றேன். கிட்டத்தட்ட ஓம் என்று சொல்லவும் தயாராக இருந்தேன். என்னை மறித்தது இந்த நாட்டுச் சட்டமல்ல, எங்கள் நாட்டுச் சட்டம் ஒன்று.

*

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது நமக்குத் தெரியும். அதற்கு அடுத்த ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் பிரசாவுரிமைச் சட்டத்தைப் பற்றி நாம் குறைவாகவே கதைக்கிறோம். இழந்ததை விண்ணப்பித்துப் பெறலாம் என்றது அது. நிபந்தனை என்ன? வதிவிடம். 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன் திருமணமானவர் ஏழு ஆண்டு, மற்றவர் பத்து ஆண்டு இடைவிடாமல் இலங்கையில் இருந்திருக்க வேண்டும். ஒரே தடவையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே நின்றிருந்தால் தொடர்ச்சி அறுந்துபோகும்.

எழுத்தில் பார்த்தால் நோர்வேயின் கணக்குக்கு இது தூரத்துச் சொந்தம்போல இருக்கும். நடைமுறையில் அது வேறொன்றாக மாறியது. தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவரிடம் பிறப்புப் பதிவு இல்லை, வாடகைச் சீட்டு இல்லை, முத்திரை குத்திய தாள் எதுவும் இல்லை. எழுத்தில் நாட்களை நிரூபிக்க முடியாத அவர்களிடம் அதிகாரிகள் மனதைத் தேடினார்கள். நிரந்தரமாகக் குடியமரும் எண்ணம் உனக்கு உண்மையில் இருந்ததா? அப்படியானால் திருச்சிராப்பள்ளிக்கு ஏன் போனாய்? ஊரில் இருக்கும் தாய்க்கு ஏன் காசு அனுப்பினாய்? தாய்க்கு அனுப்பிய காசு, நாட்டின் மீது பற்றில்லை என்பதற்குச் சாட்சியாயிற்று. விண்ணப்பங்களில் பெரும்பாலானவை தள்ளப்பட்டன.

பிறகு 1964 ஒக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தபோது 975,000 பேர் கணக்கில் இருந்தார்கள். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பிரித்தார்கள். பத்து வருடம் கழித்து அவர்களையும் பாதி பாதியாகப் பங்கிட்டார்கள். 2003இல் வந்த சட்டம்தான் எஞ்சியிருந்தவர்களின் நாடற்ற நிலைக்கு ஒரு முடிவு கொண்டுவந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் அவர்களுடைய சொல் நம்பப்படவில்லை.

இதில் யாழ்ப்பாணத்தவனான எனக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 1949இல் அந்தச் சட்டம் வந்தபோது ஜி. ஜி. பொன்னம்பலம் அமைச்சரவையில் இருந்தார். செல்வநாயகம் பிரிந்துபோய் அந்த ஆண்டு டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியதற்கு மலையக மக்களின் பிரசாவுரிமை ஒரு முக்கிய காரணம். நம்மில் ஒரு பகுதியினர், மற்றவர்களின் மனதைத் தோண்டிப் பார்க்கும் அதிகாரத்தை ஓர் அரசுக்குக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தோம்.

நாட்கணக்கு குருட்டுத்தனமானது. உழைக்கப் போனவருக்கும் ஊர்சுற்றப் போனவருக்கும் அது வித்தியாசம் பார்ப்பதில்லை. ஆனால் அதன் குருட்டுத்தனத்தில் ஒரு கருணையும் இருக்கிறது. நீ யாரை நேசிக்கிறாய் என்று அது கேட்பதில்லை. யாருக்குக் காசு அனுப்புகிறாய், எந்த நாட்டுச் செய்தி பார்த்து அழுகிறாய், கனவில் எந்தக் கிணற்றடி வருகிறது என்று கேட்பதில்லை. எத்தனை நாள் இங்கே நின்றாய் என்று மட்டும் கேட்கிறது. மாதம்தோறும் வடமராட்சிக்குக் காசு அனுப்பும் மகனை அது அதற்காகத் தண்டிப்பதில்லை. மனதில் ஊரை வைத்துக்கொண்டு நாற்பது வருடம் இங்கே வாழ என்னை விட்டதும் அந்தக் கருணைதான்.

இந்தக் கணக்குக்குத் தேவைப்படுவது ஒன்றே ஒன்று: நாட்களைப் பற்றி நாம் சொல்வது உண்மையாக இருக்கவேண்டும். எண்ணத்தைப் பற்றிய சொல் வழுக்கும். இன்றைக்கு உண்மை, நாளைக்கு வேறு. ஆனால் 'நான் ஃபூருசெத்தில் வசிக்கிறேன்' என்பது எண்ணமல்ல, நடப்பு. ரொட்டர்டாமில் நித்திரை கொண்டவர் ஃபூருசெத்தில் நித்திரை கொண்டதாகச் சொல்ல ஒரு விளக்கமும் உதவாது. நாட்கணக்கை நாமே பொய்யாக்கினால், அரசுகள் திரும்பவும் மனக்கணக்குக்குத்தான் போகும். வீட்டுக் கதவைத் தட்டும், பல்துலக்கும் தூரிகைகளை எண்ணும், தொலைபேசியை வாங்கிப் பார்க்கும். அதன் விலையைக் கட்டப்போவது தம்பியோ நானோ அல்ல. எங்களுக்குப் பிறகு வருகிற, முத்திரை குத்திய தாள் ஒன்றுமில்லாத யாரோ ஒருவர்.

*

அடுத்த ஞாயிறு தம்பி வந்தார். நான் சொல்ல நினைத்ததைச் சொன்னேன். வேலையை ஏற்றுக்கொண்டு போம், பதிவேட்டுக்கு அறிவித்துவிட்டுப் போம் என்றேன். இரண்டு ஆண்டுக்குள் திரும்பினால் வதிவிட உரிமை இருக்கும், ஏற்கெனவே சேர்த்த வருடங்களும் வீணாகாது, விட்ட இடத்திலிருந்து எண்ணலாம் என்றேன். தெரிந்தே பிழையான தகவல் கொடுத்துப் பெற்ற குடியுரிமையைப் பிறகு பறிக்கச் சட்டத்தில் இடமிருப்பதையும் சொன்னேன். அந்தப் பயத்துக்காக மட்டும் சொல்லவில்லை என்றும் சொன்னேன். 1996ஆம் ஆண்டுக் கதையையும் மறைக்காமல் சொன்னேன். மனைவிக்கும் அன்றுதான் அது தெரியும்.

அவர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"மாமா, நீங்கள் பொய் சொல்லி எடுத்ததை நான் உண்மை சொல்லிப் பிந்தி எடுக்கவேணும். அதுக்குள்ள அம்மாவுக்கு ஏதும் நடந்தா? அப்பவும் இதைத்தான் சொல்லுவியளோ?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இப்போதும் இல்லை. கடவுச்சீட்டை மேசை இலாச்சிக்குள் வைத்துக்கொண்டு நேர்மையைப் பற்றி மற்றவருக்குச் சொல்வது மிக மலிவானது. நியாயம் என்ன என்பது தெரிந்துவிட்டால், அதற்கு விலை கட்டப்போவது யார் என்பதும் கூடவே தெரிய வேண்டும். இங்கே நியாயத்தைச் சொன்னவன் நான்; அதன் விலையைக் கட்டவேண்டியவர் வடமராட்சியில் கட்டிலில் படுத்திருக்கும் ஒரு தாயும் அவருடைய மகனும். இதை நான் எந்த வாதத்தாலும் சரிக்கட்ட முடியாது.

மனைவி அப்போதும் என் பக்கம் இல்லை. "சட்டம் பிள்ளையையும் தாயையும் பிரிச்சு வைக்குது. அதுக்கு நீங்கள் கணக்குப்பிள்ளை வேலை பாக்கிறியள்" என்றா. அதிலும் உண்மை இருக்கிறது. வேலைக்காக வெளியே போன நாட்களை முழுக்கக் கழிக்காமல் எண்ணும்படி சட்டத்தை மாற்றக் கேட்பது எங்கள் கடமை. மூன்று ஆண்டு வதிவிடம் இருந்தால் குடியுரிமை இல்லாதவருக்கும் உள்ளூராட்சித் தேர்தலில் வாக்குரிமை கொடுத்தது இந்த நாடு, 1983இலேயே. ஆனால் குடியுரிமைச் சட்டத்தை எழுதுவது நாடாளுமன்றம். அதற்கு வாக்களிப்பவர்கள் குடிமக்கள் மட்டும்தான். அதாவது, என்னைப் போன்றவர்கள். இத்தனை தேர்தலில் வாக்களித்தும் இந்தக் கணக்கைப் பற்றி ஒரு வேட்பாளரிடமாவது நான் கேட்டதில்லை. என் கணக்கு முடிந்துவிட்டதல்லவா.

தம்பி ஏப்ரலில் ரொட்டர்டாம் போனார். பதிவேட்டுக்கு அறிவித்துவிட்டுத்தான் போனார். நான் சொன்னதற்காகவா, தனக்கே மனம் வராமலா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஓகஸ்ட் மாதம் நான் ஊருக்குப் போனேன். முன்பே நினைத்திருந்த பயணமல்ல. எவருடைய விலையை நான் பேசினேனோ அவரைப் போய்ப் பார்க்கவாவது வேண்டும் என்று தோன்றியது. கட்டுநாயக்காவில் என் சிவப்புக் கடவுச்சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்கள். ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை.

வடமராட்சியில் மூன்று கிழமை நின்றேன். அந்த அம்மாவை ஒன்பது தடவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இயந்திரத்தில் நான்கு மணித்தியாலம் படுத்திருக்க வேண்டும். நான் பக்கத்தில் இருந்து அவருடைய மகனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்: இளைத்துவிட்டான், நன்றாகச் சமைக்கப் பழகிவிட்டான், ரொட்டர்டாமில் எப்போதும் காற்று. கடைசி நாள் வாசல்வரை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டா:

"தம்பி, அவன் எப்ப வருவான்?"

மனதுக்குள் மாதங்களை எண்ணிப் பார்த்தேன். ஒப்பந்தம் முடியவேண்டும், மிச்சமுள்ள மாதங்கள் நிறையவேண்டும், பிறகு விண்ணப்பம், பிறகு காத்திருப்பு. முப்பது வருடத்துக்கு முன் காவல் நிலையத்தில் சொன்னது போல ஏதாவது ஒன்றைச் சொல்லியிருக்கலாம்.

"தெரியாது அக்கா. ஆனா வரவேணும் எண்டுதான் நினைச்சுக்கொண்டிருக்கிறான்" என்றேன்.